ஒத்திப் பணம் பத்திரமா?

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் மதுரையில் குட்டியானை வண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. செல்லூரிலிருந்து விளாங்குடிக்கு ஒரு குடும்பம், ஜெய்ஹிந்துபுரத்திலிருந்து அவனியாபுரத்துக்கு ஒரு குடும்பம் என்று கட்டில், பீரோ, கிரைண்டர், துளசித் தொட்டி எல்லாம் வீதி வழியே ஊர்வலம் போகும். ஆடியில் வீடு மாறக் கூடாது, மார்கழியில் பால் காய்ச்சக் கூடாது. அதனால் ஆவணியில்தான் கூட்டம். நல்ல நாள் பார்த்தாயிற்று, நேரம் குறித்தாயிற்று, வாசல் எந்தத் திசை, தண்ணீர் உப்பா நல்லதண்ணியா என்று விசாரித்தாயிற்று. பலரும் பார்க்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் இருக்கிறதா என்பதுதான் அது.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. போனால் அட்வான்ஸ் போகும், அவ்வளவுதான். ஆனால், மதுரையில் குடியேறுகிறவர்களில் ஏராளமானோர் வாடகைக்குப் போவதில்லை. ஒத்திக்குப் போகிறார்கள்.

சென்னைக்காரர்கள் ‘லீஸ்’ என்று சொல்வதை மதுரைப் பக்கம் ‘ஒத்தி’ என்பார்கள். ஒரு தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் 2 வருடமோ 3 வருடமோ குடியிருப்பது. காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்ப வரும், வட்டி கிடையாது. வீட்டுக்காரருக்கு வட்டியில்லாக் கடன். குடியிருப்பவருக்கு வாடகை இல்லாத வீடு. கேட்பதற்கு இரண்டு பேருக்கும் லாபம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மையிலேயே லாபம்தான். 5 லட்சம் ரூபாய் ஒத்தி என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக்கு வாடகை 6,000 ரூபாய் என்றால் 3 வருடத்தில் 2,16,000 ரூபாய் மிச்சம். வீட்டுக்காரர் அதே 5 லட்சத்தை வெளியே ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 5,000 ரூபாய் கட்டவேண்டியிருக்கும். நகையை விற்று, சீட்டு எடுத்து, மாமனார் கொடுத்ததைச் சேர்த்து ஒத்திக்குப் பணம் கட்டுகிற குடும்பங்கள் முட்டாள்தனமாக அதைச் செய்யவில்லை. மாத வருமானம் நிச்சயமில்லாத தறித் தொழிலாளிக்கும் கொத்தனாருக்கும் மாதம் பிறந்தால் வாடகை என்ற பயம் இல்லாமல் இருப்பதே பெரிய நிம்மதி.

சிக்கல் அந்த 5 லட்சத்துக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்பதில் தொடங்குகிறது.

பெரும்பாலும் இருப்பது ஒரு முத்திரைத்தாள். 20 ரூபாய்ப் பத்திரமோ 100 ரூபாய்ப் பத்திரமோ வாங்கி, எழுத்தரிடம் டைப் அடித்து, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வார்கள். பதிவு என்ற பேச்சு எடுத்தால் முகம் மாறிவிடும்.

“என்ன தங்கச்சி, நம்ம மேல நம்பிக்கை இல்லையா? இருபது வருசமா இதே தெருவுல இருக்கேன்.”

“அதெல்லாம் இல்லண்ணே. அவுங்கதான் கேட்டுப் பாருன்னாங்க...”

அதோடு பேச்சு முடிந்துவிடும். புருசன் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு வழியில்லை. எதிரே நிற்பவர் பலநேரம் நல்லவராகவும் இருப்பார். ஒத்திப் பணம் முங்கிப்போவதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தொழிலில் ஒரு நஷ்டம், ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் போதும்.

நடப்பது இப்படித்தான். வீட்டின் பத்திரம் முன்பே வங்கியிலோ தனியார் நிதி நிறுவனத்திலோ அடமானத்தில் இருக்கும். தவணை நிற்கும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, வங்கி கடன்காரருக்கு 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பும். அது வீட்டுக்காரர் பெயருக்குப் போகும், குடியிருப்பவருக்குத் தெரியாது. அவருக்கு விஷயம் தெரிவது, சொத்தைச் சுவாதீனம் எடுத்துக்கொண்டதாக அறிவிப்பைக் கதவில் ஒட்டும் அன்றுதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை முதலில் படித்துச் சொல்லும்.

அப்போது கையிலிருக்கும் 20 ரூபாய்ப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினால், அவர் முதலில் கேட்பது ‘பதிவு பண்ணியிருக்கா?’ என்றுதான்.

சட்டத்தின் கண்ணில் ஒத்தி என்பது பெரும்பாலும் வாடகையே அல்ல, அடமானம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதை ஓர் அடமான வகையாகவே சொல்கிறது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகச் சொத்தை அனுபவிப்பது. சுவாதீன அடமானம், போக்கியம் என்று பத்திரங்களில் எழுதுவார்கள். 100 ரூபாய்க்கு மேற்பட்ட இப்படிப்பட்ட அடமானம் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். 1882இல் 100 ரூபாய் பெரிய தொகை. அந்த எல்லையை யாரும் இன்னும் மாற்றவில்லை. ஆகவே 5 லட்சம் ரூபாய் ஒத்தி பதிவாகவில்லை என்றால் சட்டப்படி அது அடமானமாகவே நிற்காது. பணம் கொடுத்தவர் சாதாரணக் கைமாற்றுக் கடன் கொடுத்தவர் மாதிரி வழக்குப் போட்டு வசூலிக்கப் பார்க்கலாம். வீட்டின் மேல் அவருக்குப் பிடி இருக்காது.

பதிவு செய்யாததற்குக் காரணம் நம்பிக்கை மட்டுமல்ல. செலவும்தான். சுவாதீன அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம் என்பது பதிவுத்துறையின் கட்டணப் பட்டியல். 5 லட்சத்துக்கு 25,000 ரூபாய் ஆகிறது, கிட்டத்தட்ட 4 மாத வாடகை. கிடைக்கிற லாபத்தில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் வாசலிலேயே போய்விடுகிறது என்று பார்க்கும்போது, இந்தச் செலவை யார் ஏற்பது என்பதில் இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு நிற்பதில் ஆச்சரியமில்லை. ஏழைகள் அதிகம் நாடும் ஏற்பாட்டுக்கு இவ்வளவு தீர்வை வைத்துவிட்டு, ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்பது நியாயமாக இல்லை.

சரி, குடியிருப்போரைக் காக்க அரசு ஒன்றுமே செய்யவில்லையா? செய்திருக்கிறது. ஆனால், அது வாடகைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது.

உலகப் போர்க் காலத்து வீட்டுப் பஞ்சத்தை ஒட்டி, 1946, 1949, 1960 என்று அடுத்தடுத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. அரசு அலுவலர் நியாய வாடகையைக் கணக்கிட்டு நிர்ணயிக்கலாம். குடியிருப்பு என்றால் கட்டடம், மனை மதிப்பில் வருடத்துக்கு 9 சதவீதம், கடை என்றால் 12 சதவீதம். அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய தலைமுறைக்கு இது ஜோக் மாதிரித் தெரியும். ஏட்டில் இருந்தது, ஊரில் இல்லை. இன்னொரு பக்கம், காலிசெய்யச் சொல்லி வருடக்கணக்கில் கோர்ட் வாசலில் நின்ற வீட்டுக்காரர்களின் புலம்பலும் பொய்யல்ல. மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் உள்ள பழைய கட்டடங்களைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்குக் கதை வரும்.

அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017இல் இயற்றிய புதிய சட்டத்தை 2019 பிப்ரவரி 22 முதல் தமிழக அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் என்று நீளமான பெயர். நியாய வாடகை போய்விட்டது. இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதுதான் வாடகை. வாடகை ஏறிப்போச்சே என்று இந்தச் சட்டத்திடம் போய் அழ முடியாது. அதற்குப் பதிலாக, ஒப்புக்கொண்டது எதுவோ அதை இரண்டு பக்கமும் மீறாமல் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலகத்தை வைத்தார்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் வாடகை அதிகாரியாக நியமிக்கிறார். அதற்கு மேலே வாடகை நீதிமன்றம், அதற்கும் மேலே வாடகைத் தீர்ப்பாயம்.

எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பதுதான் இதன் முதுகெலும்பு. ‘11 மாசத்துக்கு எழுதினா பதிவு வேண்டாம்’ என்று ஊரெல்லாம் சொல்லும் பழைய சூத்திரம் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பற்றியது. இந்தச் சட்டத்துக்கு அது செல்லாது, 11 மாத ஒப்பந்தமும் பதிவாக வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் விவரங்களை ஏற்றினால் பதிவு எண் கிடைக்கும். ஏற்கெனவே வாய்ப்பேச்சில் குடியிருந்தவர்களுக்கு ஒப்பந்தம் போட முதலில் கொடுத்த அவகாசம் போதவில்லை. நீட்டி நீட்டிக் கடைசியில் 575 நாள் ஆக்கினார்கள்.

பதிவு எண் கையில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் கொடுப்பவை சின்ன விஷயங்கள் அல்ல. அட்வான்ஸுக்கு 3 மாத வாடகை என்று அளவு வைத்திருக்கிறது. (2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரிச் சட்டம் வீடுகளுக்கு 2 மாதம் என்கிறது.) ஒப்பந்தத்தில் வேறு தொகையை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் சட்டத்தைக் காட்டி வாதாடுவது கஷ்டம், ஆகவே கையெழுத்துக்கு முன்பே படித்துவிட வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். வாடகை வாங்க வீட்டுக்காரர் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். ‘வாடகையை வாங்காமலே இருந்து, பாக்கி என்று சொல்லி வெளியேற்றுவது’ என்ற பழைய தந்திரம் இதனால் பலிக்காது. கரண்டைப் பிடுங்குவது, தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது கூடாது. நிறுத்தினால் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போடலாம். வீட்டைப் பார்க்க வருவதானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்திலோ மொபைலிலோ சொல்லிவிட்டு, காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் நடுவில்தான் வர வேண்டும். சுவர், வெள்ளையடிப்பு, குழாய்ப் பாதை, ஒயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், வாஷ்பேசின் குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய ரிப்பேரைச் செய்யாவிட்டால் தானே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம், ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது.

பதிவு எண் இல்லாதவருக்கு? பதிவாகாத ஒப்பந்தத்தை ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். பழைய குடித்தனங்களில் ஒப்பந்தம் போடத் தவறியதே, வீட்டைக் காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. போட மறுத்தது வீட்டுக்காரராக இருந்தாலும் வீட்டை இழப்பவர் குடியிருப்பவர்தான் என்பதை யோசித்திருக்கலாம்.

இன்னொரு கோடும் உண்டு. இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்கானது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைகளோடு நின்றுவிடும். மதுரை மாநகராட்சி 2011இல் 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்து ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருநகர், விளாங்குடி எல்லாம் உள்ளே வந்தன. ஆனால், ஊர் அதோடு நிற்கவில்லை. மேலூர் சாலையிலும் திருமங்கலம் சாலையிலும் வயலாக இருந்த இடங்களில் பிளாட் போட்டு, மாடி கட்டி, மாடியை வாடகைக்கும் ஒத்திக்கும் விடுகிறார்கள். தெருவின் ஒரு பக்கம் மாநகராட்சி, எதிர்ப் பக்கம் ஊராட்சி என்றால் எதிர்வீட்டு வாடகைக்காரருக்கு இந்த அலுவலகம் இல்லை. கோயில் வீடுகளில் இருப்பவர்களுக்கு அறநிலையத் துறைச் சட்டம், விடுதிகளில் கட்டிலுக்கு வாடகை கொடுப்பவர்களுக்கு இன்னொரு சட்டம்.

விடுதியைச் சொல்லும்போது கட்ராபாளையத்தைத் தாண்டிப் போக முடியாது. 2024 செப்டம்பர் 12 அதிகாலை, பெரியார் பேருந்து நிலையம் அருகே அந்தத் தெருவில் இருந்த பெண்கள் விடுதியில் பிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். பழுதான கட்டடம் என்று மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்ததாகச் செய்திகள் வந்தன. அதன்பின் விடுதிகளில் சோதனை நடந்தது. பெண்கள், குழந்தைகள் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் 2014 முதலே இருக்கிறது. வேலைக்கு வந்த ஊரில் ஒரு கட்டிலுக்குப் பணம் கட்டும் பெண், கட்டடத்துக்கு வந்த நோட்டீஸைத் தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. ஒத்திக்காரருக்கு வங்கி நோட்டீஸ் தெரியாதது போலத்தான் இதுவும். உள்ளே குடியிருப்பவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் கொரியாவைப் பார்க்கலாம். ஒத்தி மதுரைக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்தால் தவறு. தென்கொரியாவில் ‘ஜொன்சே’ என்று அச்சு அசலாக இதே ஏற்பாடு இருக்கிறது. மொத்தமாகப் பணம், மாத வாடகை இல்லை, முடிவில் திரும்பப் பெறுவது. வீட்டு விலையில் பாதிக்கு மேல்கூட ஜொன்சே கேட்பார்கள். அங்கே 1981இல் வீட்டுக் குத்தகைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். குடியேறியவர் தன் வட்டார அலுவலகத்துக்குப் போய் முகவரி மாறியதைப் பதிந்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரை ஒன்று வாங்கிக்கொள்வார். கட்டணம் அற்பம். வீடு ஏலத்துக்குப் போனால், அந்தத் தேதிக்குப் பிறகு வந்த கடன்காரர்களைவிட இவருக்கு முன்னுரிமை. வார்டு அலுவலக முத்திரை ஒன்று வங்கிக்கு எதிராக நிற்கிறது.

அங்கும் ஓட்டை இருந்தது. குடியிருப்பவரின் உரிமை மறுநாள்தான் நடைமுறைக்கு வரும். அதே நாளில் வீட்டை அடமானம் வைத்தவர்கள் உண்டு. வீட்டு விலை இறங்கியபோது, நூற்றுக்கணக்கில் வீடுகளை ஜொன்சேக்கு விட்டிருந்தவர்கள் பணத்தைத் திருப்ப முடியாமல் கைவிரித்தார்கள். 2023இல் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. எனினும், நம் ஊரில் பதிவுக்கு 25,000 ரூபாய் கேட்கிற இடத்தில் அங்கே ஒரு முத்திரையோடு முடிந்துவிடுகிறது என்பதை நம் அரசு கவனிக்கலாம். ஒத்திக்கென்று தீர்வையைக் குறைத்து, வாடகைப் பதிவு இணையதளத்திலேயே ஒத்தியையும் பதிய வழி செய்வது முடியாத காரியமல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் சொத்து வரி எண் வைத்திருக்கும் மாநகராட்சிக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வதும் பெரிய வேலை இல்லை.

அது வரும்வரை, இந்த ஆவணியில் ஒத்திக்குப் போகிறவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை யாரும் பார்க்கலாம், பார்க்கக் காசு இல்லை. வீட்டின் சர்வே எண் தெரிந்தால் போதும். அதில் ‘உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு’ என்று ஒரு வரி இருந்து, அது ரத்தானதாக அதன்பின் வரி எதுவும் இல்லையென்றால் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்று அர்த்தம். ஜெராக்ஸைக் காட்டுகிறவரிடம் ‘ஒரிஜினலைப் பார்க்கணும்ணே’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. வில்லங்கம் இல்லாத வீட்டில் முதலில் பதிவாகிவிட்ட ஒத்தியை, பின்னால் கடன் கொடுக்க வரும் வங்கி பார்க்காமல் விடாது. வங்கிக் கடன் முந்திவிட்டால் ஒத்தி பின்னால்தான் நிற்க வேண்டும்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனையும் டெபாசிட்டையும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது. ‘பாதி கேஷாக் குடுத்துருங்க’ என்பவருக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்.

ஏற்கெனவே கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள் என்றால் நாளை எண்ண வேண்டும். வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாள்தான். தீர்ப்பாயம் மதுரையிலேயே இருக்கிறது. குடியிருப்பவரும் அங்கே போகலாம் என்று 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால், பதிவான ஆவணம் இல்லாத வாடகைதாரருக்கு அதிக நாள் பாதுகாப்புக் கிடையாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. ஒத்திப் பத்திரத்தில் வீட்டுப் பெண்ணின் பெயரையும் சேர்த்து எழுத இது ஒரு நல்ல காரணம்.

வீட்டுக்காரர்கள் பதிவுக்குப் பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒத்தி பதிவானால் அவருடைய வில்லங்கச் சான்றில் அது ஏறிவிடும், வீட்டை விற்கவோ கடன் வாங்கவோ போகும்போது குறுக்கே நிற்கும். காலி செய்யும் அன்று பணத்தை வாங்கிக்கொண்டு, அதே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு பேருமாகப் போய் ரசீது ஆவணம் பதிந்துவிட்டால் அந்த வரி தீர்ந்தது. சாவி, பணம், ரசீது மூன்றும் ஒரே நாளில் கை மாற வேண்டும் என்று ஒத்திப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிடலாம்.